மாட்டியவன்

போர்ட்டோவில் தெருக்களே பாதி படிகள்.
சலவை இயந்திரம் எழுபத்தொரு கிலோ.
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று
கணக்குப் போட்டவர்கள்
எங்கோ சமதரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதினேழு நிமிடம் ஏற்றுவதிலேயே போயிற்று.
மிச்சம் ஐந்தில்
குழாயை மாட்டினேன், பிளக்கைச் செருகினேன்,
இங்கே ஒரு கையெழுத்து, தோனா, என்றேன்.
தெயோலிந்தா என்று எழுதினாள்.
எழுத்து வலப்பக்கம் மேலேறிப் போனது
அவள் தெருவைப் போல.

இயந்திரத்தின் முதுகில் நான்கு போல்ட்டுகள் இருக்கும்.
லாரியில் டிரம் ஆடாமலிருக்கத்
தொழிற்சாலையில் முடுக்கி அனுப்புவது.
அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டால்
இயந்திரம் நடக்கும்.
பேச்சுக்குச் சொல்லவில்லை, நடக்கும்.
பன்னிரண்டு வருடமாக எனக்கு இது தெரியும்.

அன்றிரவே நடந்தது.
பிழிகிற நேரத்தில் சுவரைவிட்டுக் கிளம்பி
சமையலறை வாசல்வரை வந்து
குழாயைப் பிடுங்கிக்கொண்டு நின்றது.
கீழ்வீட்டு பெல்மிரோவின் சூப்பில்
ஈரச் சுண்ணாம்பு விழுந்தது.

கடைக்காரன் சொன்னான்: விற்றது மட்டும்தான் நாங்கள்.
கம்பெனி: எங்கள் பொருளில் குறையில்லை.
என் முதலாளி: எல்லாம் சரி என்று
நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே.
வீட்டுக்காரர்: இயந்திரம் என்னுடையதல்ல,
தரை என்னுடையது, அதற்கு நீ பணம் தா.
கையேட்டின் பதினோராம் பக்கம்
ஒன்பது மொழிகளில் சொன்னது: உபயோகிப்பவர் பொறுப்பு.

எல்லோரும் கை கழுவிவிட்டார்கள்.
துணி மட்டும் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

புகார்த் தாள் சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது.
மூன்று கட்டங்கள்.
பொருளின் குறை.
வீட்டுக் குழாயின் குறை.
வாடிக்கையாளரின் தவறு.
நான்காவது கட்டத்தைத் தேடினேன்,
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.
மூன்றாவதைப் போடு, அதேரிட்டோ, யோசிக்காதே,
என்றார் மேற்பார்வையாளர்.

போட்டேன்.

ஞாயிறன்று சீருடை இல்லாமல் போனேன்.
பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
கதவைத் திறந்தவளின் கைகள்
முழங்கைவரை சிவந்திருந்தன.
ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் வெள்ளை மேலங்கி
பின்னால் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.
யார் நீ என்றாள்.
இதை மாட்டியவன் என்றேன்.
மாட்டிக்கொண்டவன் என்றும் சொல்லியிருக்கலாம்.

நான்கையும் கழற்ற இரண்டு நிமிடம்.
கடைசி ஒன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது.
இயந்திரத்தை ஓடவிட்டோம்.
சத்தம் கேட்டு பெல்மிரோ மேலே வந்துவிட்டார்,
சண்டைக்குத் தயாராக, ஒரு காலில் மட்டும் செருப்போடு.
அவள் காபிக் கோப்பையை அதன் தலைமேல் வைத்தாள்.
மூன்று பேரும் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
ததும்பியது. சிந்தவில்லை.

சரி, என் கூரை? என்றார் பெல்மிரோ.
யாரும் பதில் சொல்லவில்லை.
நான் தரையைப் பார்த்தேன்,
அதன் அடிப்பக்கம்தானே அவர் கேட்பது.

போல்ட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
தொலைத்துவிடாதீர்கள்,
வீடு மாறும்போது திரும்ப முடுக்க வேண்டும்.

சிரித்தாள்.
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் பிடித்திருந்த
வீட்டுக்காரரின் கடிதத்தைக் காட்டினாள்.
மார்ச் முப்பத்தொன்று என்றிருந்தது,
பயணிகள் தங்கும் அறைகளாக மாற்றப்போகிறாராம்.

அன்றைக்கு இதையெல்லாம் யார் முடுக்குவது? என்றாள்.

கடையில் கேளுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
பழக்கம்.
ஸ்பேனரைப் பையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.